கிருமியின் வேலையா, நம் உடம்பின் வேலையா?

லூபஸோ முடக்குவாதமோ இருக்கும் ஒருவருக்கு வயிறு எரிகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடுகிறது, அப்புறம் குமட்டல். மாத்திரையால் வந்ததா? மூட்டு வலிக்குச் சாப்பிடும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவைதான். நோயே வயிற்றையும் பிடித்துக்கொண்டதா? அதற்கும் வாய்ப்பு உண்டு. இல்லை, உள்ளே ஒரு கிருமி குடியிருக்கிறதா? மூன்றுக்கும் அறிகுறி ஒன்றேதான். வயிற்றுக்கு வலிக்கத் தெரியும், எரியத் தெரியும், குமட்டத் தெரியும். அதன் சொல்வளம் அவ்வளவுதான்.

சரி, டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரைப்பைக் கிருமியைத் தேடும் சோதனைகள் எல்லாம் அமிலம் ஒழுங்காகச் சுரக்கும், வேறு மருந்து எதுவும் படாத இரைப்பையை மனதில் வைத்து உருவானவை. எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் தன்னுடல் தாக்குநோயும் (ஆட்டோஇம்யூன் நோய்; லூபஸும் முடக்குவாதமும் இந்த வகைதான்) அதற்கான மருந்துகளும் அந்த இரைப்பையையே மாற்றிவிடுகின்றன. ஆகவே 'நெகட்டிவ்' என்று வரும் தாள், கிருமி இல்லை என்று எப்போதும் சொல்வதில்லை. இந்த வழியில் தேடியபோது, இன்றைய நிலையில், கண்ணில் படவில்லை என்று மட்டும் சொல்கிறது. இது ஏன் என்று புரிய, கிருமி அங்கே எப்படி வாழ்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருண்ட உடல், ஒரு முனையில் சாட்டை போன்ற சில இழைகள். உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேருடைய வயிற்றில் இருப்பதாக நீண்ட காலம் கணக்கிடப்பட்ட கிருமி இது. பெரும்பாலும் சிறு வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. சிகிச்சை எடுக்காவிட்டால் பொதுவாக ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

1980கள் வரை, இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் நிலைக்காது என்பதுதான் மருத்துவப் பாடம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் நிபுணர், இரைப்பைத் திசு மாதிரிகளில் இந்தச் சுருள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்து அதை ஆய்வகத்தில் வளர்க்க முயன்றார். வளரவில்லை. எதுவும் முளைக்காத தட்டுகளை இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் அவை கூடுதலாகச் சில நாட்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. குடித்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது விடுமுறைக் கதை. கிருமி முன்பும் அங்கேதான் இருந்தது, தேடிய முறைக்குத்தான் பொறுமை போதவில்லை.

அமிலத்தில் பிழைக்க இது வைத்திருக்கும் தந்திரம் யூரியேஸ் என்ற நொதி. இரைப்பையில் கசியும் யூரியாவை அந்த நொதி அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. அம்மோனியா காரம் என்பதால் கிருமியைச் சுற்றியுள்ள அமிலம் முறிந்துபோகிறது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இரைப்பைச் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலம் அமிலத்தில் ஜெல்லி போலக் கெட்டியாக இருக்கும், அமிலம் குறைந்தால் இளகும். தன்னைச் சுற்றி இளக்கிக்கொண்டே நீந்திப் போய், சுவரை ஒட்டிய பத்திரமான இடத்தில் கிருமி ஒண்டிக்கொள்கிறது.

மூச்சுச் சோதனை அந்தத் தந்திரத்தையே அதற்கு எதிராகத் திருப்புகிறது. கார்பன்-13 என்ற, கதிரியக்கம் இல்லாத, சற்றே கனமான அணு பொருத்திய யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். மனித செல்களில் யூரியேஸ் கிடையாது. கிருமி இருந்தால் மட்டும் அந்த யூரியா உடையும். கனமான கார்பனைச் சுமந்த கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக அரை மணி நேரத்துக்குள் மூச்சில் வெளியே வரும். ஒரு பையில் ஊதினால் போதும். மருத்துவத்தில் இவ்வளவு அழகான சோதனைகள் அதிகம் இல்லை என்பேன்.

ஆனால் அந்தச் சோதனை அளப்பது கிருமியை அல்ல, யூரியேஸ் வேலை செய்கிறதா என்பதை. ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற, நாம் 'கேஸ் மாத்திரை' என்று சொல்லும் அமிலக் குறைப்பு மருந்துகள் கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன, அது குடியிருக்கும் இடத்தையும் மாற்றுகின்றன. கிருமி சாகாது, அடங்கிக் கிடக்கும். அதனால்தான் சோதனைக்கு முன் இந்த மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் மருந்துகளை 4 வாரமும் நிறுத்தச் சொல்கிறார்கள். மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனைக்கும் இதே விதிதான். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு, வயிற்றைக் காப்பாற்றுவதற்காகவே கேஸ் மாத்திரையையும் தினமும் கொடுத்திருப்பார்கள். ஆக, யாருக்குக் கிருமியைத் தேடுவது மிக அவசியமோ, அவருக்குத்தான் சோதனை ஏமாற்றும் வாய்ப்பும் அதிகம்.

அப்படியானால் ரத்தத்தில், கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) தேடலாமே? கேஸ் மாத்திரை அதைக் கெடுக்காது என்பது உண்மை. ஆனால் எதிர்ப்பொருள் ஒரு பழைய நினைவு. கிருமி ஒழிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். தன்னுடல் தாக்குநோயில் இந்த நினைவும் இரண்டு பக்கமும் பிசகும். ரிட்டுக்ஸிமாப் போல, எதிர்ப்பொருள் உருவாகக் காரணமான பி செல்களையே துடைத்தெடுக்கும் மருந்து எடுத்தவருக்குப் புதிய எதிர்ப்பொருள் உருவாவதே சிரமம். நெகட்டிவ் வந்தால் நம்ப முடியாது. மறுபக்கம், ஆயிரக்கணக்கான பேரின் ரத்தத்திலிருந்து சேர்த்தெடுத்த இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் கலவையை ஊசி வழியாக ஏற்றிக்கொண்டவருக்கு, அடுத்தவர் வயிற்றுக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளும் சேர்ந்தே வந்துவிடும். பாசிட்டிவ் வரும், ஆனால் யாருடைய பாசிட்டிவ் என்று சொல்ல முடியாது.

இன்னும் பெரிய குழப்பம் ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸ் என்ற நோயில் வருகிறது. இரைப்பையின் மேல், நடுப் பகுதிகளின் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் உண்டு. ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரத பம்ப்புகள் அவற்றில் இருக்கின்றன. ஓமிப்ரசோல் அடைப்பது இந்த பம்ப்பைத்தான். இந்த நோயில் எதிர்ப்பு மண்டலம் குறிவைப்பதும் இதே பம்ப்பைத்தான். மாத்திரை அதைத் தற்காலிகமாக மூடுகிறது, நோயோ வருடக்கணக்கில் அந்தச் செல்லையே அழித்துவிடுகிறது. தன்னுடல் தாக்கும் தைராய்டு நோயும் முதல் வகை நீரிழிவும் உள்ளவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது.

இங்கே கிருமிக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் சும்மா வந்ததல்ல. கிருமித் தொற்றும் இந்த நோயும் சேர்ந்திருந்த சிலருடைய இரைப்பையிலிருந்து எடுத்த, எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த டி செல்களில் சில, பம்ப்பின் துண்டையும் கிருமிப் புரதத்தின் துண்டையும் ஒன்றாகவே பாவித்தன. கிருமியை அடிக்கக் கற்ற கை, ஜாடை ஒத்த சொந்தப் புரதத்தையும் அடிக்கிறது என்ற விளக்கம் இதிலிருந்து வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிருமி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை; நோய் உள்ள பலரிடம் கிருமியின் தடயமும் இல்லை. 'கிருமிதான் உங்கள் ஆட்டோஇம்யூன் நோய்க்குக் காரணம்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் ஒரு அடி பின்னால் தள்ளி நிற்பேன்.

சோதனைகளுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். அமிலச் செல்கள் அழிந்து சுவர் மெலிந்துபோனால், பைலோரிக்கே அந்த இடம் பிடிக்காமல் போகும். மெல்ல மறைந்துவிடும். அப்போது மூச்சுச் சோதனை நெகட்டிவ். கிருமி முன்பு இருந்து சேதம் செய்துவிட்டுப் போனதா என்பதற்கு ரத்தத்தில் மிஞ்சிய எதிர்ப்பொருள் மட்டும்தான் சாட்சி. நேர்மாறாகவும் நடக்கும். அமிலம் இல்லாத இரைப்பையில் வாயிலிருந்தும் குடலிலிருந்தும் வேறு பாக்டீரியாக்கள் வந்து குடியேறுகின்றன. அவற்றில் சிலவற்றுக்கும் யூரியேஸ் உண்டு. மூச்சுச் சோதனை பாசிட்டிவ் காட்டும். ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், மறுபடி பாசிட்டிவ். வேறு ஆன்டிபயாட்டிக், மறுபடியும் பாசிட்டிவ். அடங்காத கிருமி என்று பெயர் வாங்கியது கடைசியில் பைலோரியே அல்ல, ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸ் என்று தெரியவந்த நோயாளிகள் இருக்கிறார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியும், திசுவைக் கிள்ளி எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும்தான் வழி. அதிலும் எங்கிருந்து கிள்ளுகிறார்கள் என்பது முக்கியம். பைலோரி வழக்கமாக இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தொடங்கும். ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸ் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டு மேலே தாக்கும். கீழே மட்டும் ஒரு துண்டு எடுத்தால் பாதிக் கதை போய்விடும். கீழே இரண்டு, மேலே இரண்டு, வளைவில் ஒன்று என 5 துண்டுகள் எடுத்து, இடவாரியாகத் தனித்தனிக் குப்பியில் அனுப்பும் முறை இதற்காகத்தான்.

அமிலம் போனால் ஜீரணம் மட்டும் கெடுவதில்லை. உணவிலுள்ள இரும்பைக் கரைக்க அமிலம் வேண்டும். பி12 வைட்டமினை உறிஞ்சத் தேவையான ஒரு புரதத்தைச் சுரப்பதும் அதே அமிலச் செல்கள்தான். தைராக்ஸின் மாத்திரையும் அமிலம் இருந்தால்தான் சரியாகக் கரையும்; டோஸை ஏற்றிக்கொண்டே போயும் தைராய்டு அளவு சரியாகாதவர்களில் சிலருக்குப் பிரச்சினை கழுத்தில் இல்லை, வயிற்றில்.

கிருமியை ஒழித்தால் தன்னுடல் தாக்குநோய் சரியாகுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரு நோயில் மட்டும் தெளிவான பதில் இருக்கிறது. ரத்தத் தட்டணுக்களை உடம்பே அழிக்கும் ஐடிபி. கிருமியை ஒழித்ததும் தட்டணு எண்ணிக்கை ஏறியதாக 1998-இல் இத்தாலிய மருத்துவர்கள் எழுதினார்கள். அதன் பிறகு ஜப்பானிலும் இத்தாலியிலும் கிருமி இருந்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு அப்படி ஏறியது. வட அமெரிக்காவில் அவ்வளவு பலன் இல்லை. கிருமியின் ரகங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவது ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் ஐடிபி வந்தால் பைலோரியைத் தேடுவது இன்று வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. முடக்குவாதம், லூபஸ் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிட்டால் இந்தக் கிருமி பெருகி வயிற்றைத் துளைத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. இரைப்பையில் நடக்கும் அழற்சியில் பெரும்பங்கு, கிருமியை விரட்ட முடியாமல் நம் எதிர்ப்பு மண்டலம் விடாமல் நடத்தும் சண்டையால் வருவது. டி செல்களே இல்லாத எலிகளில் கிருமி செழிப்பாக வளர்கிறது, அழற்சியோ குறைவு. உண்மையில் பயப்பட வேண்டிய உயிரி வேறு: ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற சிறுகுடல் புழு. மண்ணிலிருந்து தோல் வழியாக நுழைந்து, உள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, பத்துக்கணக்கான வருடங்கள் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் கட்டு அறுந்து உடம்பெங்கும் பரவி உயிரையே எடுத்துவிடும். மலத்தை ஒருமுறை மட்டும் சோதித்தால் புழு பெரும்பாலும் கண்ணில் படாமல் தப்பிவிடும். இந்தப் புழு உள்ள பகுதிகளில் வாழ்ந்தவருக்கு ஸ்டீராய்டு தொடங்குமுன் ரத்தச் சோதனை செய்வதோ, ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொடுத்துவிடுவதோ அதனால்தான்.

பைலோரி உறுதியானால் சிகிச்சை வழக்கமாக 14 நாள். ஒரு அமிலக் குறைப்பு மருந்தோடு இரண்டு ஆன்டிபயாட்டிக், பல முறைகளில் கூடவே பிஸ்மத். தன்னுடல் தாக்குநோய் உள்ளவர் இங்கே தன் முழு மருந்துப் பட்டியலையும் நீட்ட வேண்டும். இந்த ஆன்டிபயாட்டிக்குகளில் ஒன்றான கிளாரித்ரோமைசின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை முடக்குகிறது; டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், கோல்ச்சிசின் போன்றவை ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம். அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக், முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கக்கூடும். தசைகள் சோர்ந்துபோகும் தன்னுடல் தாக்குநோயான மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவருக்கு லெவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் தசை பலவீனத்தை மோசமாக்கும். கிளாரித்ரோமைசினிலும் அந்த எச்சரிக்கை உண்டு. வயிற்று டாக்டரும் மூட்டு டாக்டரும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல் மருந்து எழுதுவதுதான் இதில் அதிகம் நடக்கும் கோளாறு.

மாத்திரை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மறுபடி மூச்சையோ மலத்தையோ சோதிக்க வேண்டும். எரிச்சல் போனதை வைத்துக் கிருமி போனதாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தச் சோதனைக்கும் அந்த 2 வார விதி உண்டு. ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கும்போது கேஸ் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் ரத்தக்கசிவு வரை போகலாம். அந்த இடைவெளிக்கு ஃபமோடிடின் போன்ற, சோதனையை அவ்வளவாகக் கெடுக்காத வேறு வகை அமில மருந்தை டாக்டர்கள் மாற்றித் தருவதுண்டு. சோதனைக்குத் தேதி வாங்கும்போதே இதைக் கேட்டுவிடலாம்.