பனி என்ன பாவம் செய்தது?

நவம்பர் பிறந்தால் போதும், கும்பகோணத்திலிருந்து சித்தி போன் செய்துவிடுவார். "டெல்லியில கடும் பனிமூட்டமாமே, மஃப்ளர் கட்டிக்கோடா." தமிழ்ச் செய்தியில் கேட்டதாம். நான் மயூர் விஹார் பால்கனியில் அரைக்கைச் சட்டையோடு நின்று இருமிக்கொண்டிருப்பேன். ஊரை மூடும் அழுக்குப் புகைக்கு ஆங்கிலத்தில் ஸ்மாக் (smog) என்று பெயர். அதைப் பனி ஆக்கியது சித்தி இல்லை, செய்தியை மொழிபெயர்த்தவர்.

ஸ்மாக் ஓர் ஒட்டுச்சொல். ஸ்மோக்கின் (புகை) தலை, ஃபாக்கின் (மூடுபனி) வால். 1905இல் டெ வோ என்ற லண்டன் மருத்துவர் அதைப் பரப்பினார். நிலக்கரிப் புகையை எதிர்த்த சங்கத்துக்காரர். பிறப்புக் கதை அவ்வளவுதான்.

அந்த ஒட்டை அப்படியே பெயர்த்துத் தமிழில் வந்தவைதான் பனிப்புகையும் புகைப்பனியும். தமிழில் இரண்டு சொல் சேர்ந்து ஒன்றானால், பின்னால் நிற்பதே பொதுவாகத் தலைச்சொல், அதாவது பொருள் எது என்று சொல்வது. பனிப்புகை ஒருவகைப் புகை, புகைப்பனி ஒருவகைப் பனி. முதலாவது தேவலை. ஆனால் இரண்டிலும் அந்தப் பனி எதற்கு? லண்டனில் உண்மையாகவே மூடுபனி இருந்தது. 1952 டிசம்பரில் அது கரிப்புகையோடு சேர்ந்து ஐந்து நாளில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. லாஸ் ஏஞ்சலஸில் வந்ததோ வெயிலில் வெந்த சரக்கு: வாகனப் புகையும் எண்ணெய் ஆலை ஆவியும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோன் ஆனது. அதற்கும் ஆங்கிலத்தில் ஸ்மாக்தான். ஒட்டு தேய்ந்துவிட்டதால் அவர்கள் காதில் ஃபாக் விழுவதில்லை. நம் காதில் பனி கணீரென்று விழுகிறது. கூடவே மார்கழியும் கோலமும் வந்துவிடும். குற்றம் இயற்கையின் தலையில்!

1996இல் உச்ச நீதிமன்றம் 168 அபாயகரமான ஆலைகளை டெல்லியை விட்டுக் கிளம்பச் சொன்னது பனியைப் பார்த்தா? பதர்பூர் அனல்மின் நிலையத்தை 2018இல் மூடியது குளிருக்குப் பயந்தா? ஆலை, வண்டி, செங்கல் சூளை, பஞ்சாப் ஹரியானா வயலில் எரியும் நெல்தாள், எல்லாம் நாம் வைத்த நெருப்பு.

நம்மிடம் புகைமூட்டம் என்ற நல்ல சொல் இருக்கிறது. மூட்டம் என்பது மூடு என்ற வினையிலிருந்து வந்தது. (தீ மூட்டுவதும் காதில் விழுகிறதா? விழட்டும்.) ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே கனலவிட்டுக் கரி எடுப்பார்களே, அது கரிமூட்டம். வாழைத்தாரையும் மூட்டம் போட்டுத்தான் பழுக்க வைத்தார்கள். குளிர்காலத்தில் டெல்லிக்கு நடப்பதும் இதேதான்: கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ள, புகை வெளியேற வழியில்லாமல் அடைபடுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல்லை ஒரு குழு உட்கார்ந்து யோசித்தாலும் பிடிக்க முடியாது. பிடிக்காமல்தானே பனிப்புகை வந்தது!

வீடு பற்றினாலும் புகைமூட்டம்தானே, எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கரோல் பாக் நண்பர் மடக்கினார். சரி, தேவைப்பட்டால் நகரப் புகைமூட்டம் என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம். போனில் புகைமூட்டம் என்று சொன்னபோது சித்திக்கு அதுவும் தேவைப்படவில்லை.

"அப்போ போகி அன்னிக்கு மெட்ராஸ்ல இருக்குமே, அது மாதிரியா?"

"ஆமா சித்தி. இங்க போகி ரெண்டு மாசம்."