‘தேசிய அரசு’ என்பது பிழை, ‘தேச அரசு’ என்பதே சரி

மொழியாலும் வழக்காலும் வேறுபட்ட மக்கள் ஓர் ஆட்சியின்கீழ் வந்து, தலைமுறைகள் கழிந்தபின் தம்மை ஒரே தேசத்தவராக எண்ணத் தொடங்குவதை ஆங்கிலத்தில் ‘nation-state formation’ என்பார்கள். அதைத் தமிழில் ‘தேசிய அரசு உருவாக்கம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். ‘தேசிய அரசு’, ‘உருவாக்கம்’ இரண்டிலுமே பிழை. ‘தேசிய அரசு’ என்றதும் நம்மூர் வாசகர் தில்லி ஆட்சியை நினைப்பார். இலங்கைத் தமிழர் 2015இல் இரு பெரிய கட்சிகள் சேர்ந்து அமைத்த ஆட்சியை நினைப்பார்.

தேசம் வடசொல், இடம், பகுதி என்பது அதன் பழம்பொருள். அதற்கு நிகரான ஐரோப்பியச் சொல்லான ‘nation’, ‘பிறப்பு’ என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அரசு என்பது இங்கே அமைச்சரவை அல்ல. எல்லை, வரி, படை, நீதிமன்றம் அடங்கிய நிலையான அமைப்பு.

தனித்தமிழ் அன்பர்கள் ‘நாட்டரசு’ என்கிறார்கள். அவர்கள் நோக்கம் நல்லது, சொல்தான் நிற்கவில்லை. குமரி மாவட்டத்தில் நாடு என்பது இன்றும் சிறு வட்டாரம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம்தான் நாஞ்சில் நாடு. அது பிடாகை எனப்படும் பன்னிரண்டு ஊர்த்தொகுதிகளாகப் பிரிந்திருந்தது, அவற்றின் தலைவர்களான நாட்டார் கூடி முடிவெடுத்தார்கள். திருவிதாங்கூருக்கு முந்தைய வேணாடும் ஒரு நாடே. இவை போக, தமிழ்நாடு ஒரு மாநிலம். ‘நாட்டரசு’ என்றால் இவற்றில் எதன் அரசு? பழைய கேரள வழக்கில் தேசமும் சிற்றலகுதான். நாட்டை ஆண்ட நாடுவாழிக்குக் கீழே தேசத்தை ஆண்ட தேசவாழி இருந்தான். ஆனால் அந்தப் பொருள் நம் பேச்சில் செத்துவிட்டது, நாட்டின் பொருள் சாகவில்லை. அதனால் வடசொல் என்றாலும் தேசத்தையே கொள்கிறேன்.

தேசத்தையும் அரசையும் பிரித்துப் பார்க்கத் திருவிதாங்கூரே போதும். அதன் மன்னர் மார்த்தாண்டவர்மா கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, 1750இல் எல்லாவற்றையும் பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானம் செய்தார், அதாவது அரசையே இறைவனுக்குக் காணிக்கையாக்கினார். வலுவான அரசு உருவானது. தமிழரும் மலையாளிகளும் ஒரே தேசத்தவராகவில்லை. 1956 நவம்பர் 1 அன்று அதிலிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தமிழ் வட்டங்களும் பிரிந்து தமிழகத்தோடு இணைந்தன.

சுவிட்சர்லாந்தில் இரண்டும் கூடின, மிக மெதுவாக. 1291இல் மூன்று மலைச் சமூகங்களின் உடன்படிக்கை. 1513க்குள் கன்டன் எனப்படும் உறுப்பு மாநிலங்கள் பதின்மூன்று. பிரெஞ்சு பேசும் வோவும் இத்தாலியம் பேசும் திச்சினோவும் பிற கன்டன்களுக்கு அடங்கிய பகுதிகளாய் இருந்தன. 1798இல் அந்நிலை நீங்கி, 1803இல் சம உரிமையுள்ள கன்டன்களாயின. 1847இல் உள்நாட்டுப் போர், மறு ஆண்டே கூட்டாட்சி அரசியலமைப்பு. ரோமான்சு மொழி தேசிய மொழியானது 1938இல். இதை எந்த ஒருவரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. ‘உருவாக்கம்’ பிறவினை, செய்தவனைத் தேடவைக்கும், ‘உருவாதல்’ தன்வினை. ‘தேசிய இன அரசு’ என்பதோ இன்னும் மோசம்: பல இனங்கள் சேர்ந்த கதையை ஓரினத்தின் கதையாக்கிவிடுகிறது.

மூலத்தில் வரி, படை, நீதிமன்றம் பற்றிப் பேச்சு வந்தால் ‘அரசு உருவாதல்’ என்று எழுதுங்கள். ஆட்சியாளர் பள்ளி, மொழி, கொடி வழியே ஒற்றுமையை ஊட்டினால் ‘தேசக் கட்டமைப்பு’ பொருந்தும். இரண்டும் காலப்போக்கில் கலந்து வளர்ந்தால் ‘தேச அரசு உருவாதல்’. மூன்றுக்கும் ஒரே தொடரைப் போட்டுக் கடக்கும் மொழிபெயர்ப்பாளர் மூலத்தைப் படிக்கவில்லை, அகராதியை மட்டும் புரட்டியிருக்கிறார்.