ஈரச் சடையும் இளவரசியின் தொப்பியும்

ஈரம் காயாத தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு படுத்து, காலையில் அவிழ்த்தால் முடி நெளிநெளியாக இருக்கும். மறுபடி தலைக்குக் குளித்தால் அந்த நெளிவு போய்விடும். லண்டனில் பிலிப் டிரேசி செய்கிற தொப்பிகளுக்கு அடியில் இருப்பதும் இதே வித்தைதான்.

டிரேசி அயர்லாந்தின் கால்வே பகுதிக் கிராமத்துக்காரர். அப்பா ரொட்டி சுடுபவர், வீட்டில் கோழி வளர்த்தார்கள். 2011-ல் இளவரசர் வில்லியமின் திருமணத்துக்கு இவர் செய்த தொப்பிகள் 36. அதில் இளவரசி பியாட்ரிஸ் அணிந்து வந்த, பெரிய ரிப்பன் முடிச்சு போன்ற ஒன்றை ஊரே கேலி செய்தது. அப்புறம் அதே தொப்பி இணைய ஏலத்தில் 81,100 பவுண்டுக்குப் போனது. பணம் குழந்தைகளுக்கான அறப்பணிக்குச் சேர்ந்தது. 1995-ல் பாய்மரக் கப்பல் ஒன்றையே தொப்பியாகச் செய்தவர் அவர். இவ்வளவு புதுமையான ஆளின் பட்டறையில் முக்கியமான கருவி எது என்று பார்த்தால், பழைய மர அச்சும் நீராவியும்தான்.

முடி, கம்பளி, முயல் ரோமம், இறகு எல்லாமே கெரட்டின் என்ற புரதம். அதன் நீண்ட இழைகளை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் சேர்த்துப் பிடிக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு, சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரி: தண்ணீர் பட்டால் கழன்றுகொள்ளும், காய்ந்தால் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி மாட்டிக்கொள்ளும். கந்தக அணுக்களால் ஆன டைசல்ஃபைடு பிணைப்போ தையல் மாதிரி, வெறும் தண்ணீருக்கு அசையாது. காய்ந்த கம்பளி இழை உள்ளுக்குள் இளக 150 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நன்றாக நனைந்திருந்தால் அறை வெப்பமே போதும்.

ஆனால் முதலில் துணி வேண்டுமே. ரோமத்தை நெய்யாமல், கசக்கிச் சிக்கவைத்தே செய்யும் துணிதான் ஃபெல்ட்; அந்தத் தொப்பியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ரோமத்தின் மேல் ஓட்டு வீட்டுக் கூரை போல ஒன்றின்மேல் ஒன்றாகச் செதில்கள் படிந்திருக்கின்றன, எல்லாம் நுனியைப் பார்த்து. சின்ன வயதில் புல்கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடியவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம். கையை ஆட்ட ஆட்ட அது ஒரு பக்கமாகவே ஏறும், இறங்காது. சூடான ஈரத்தில் வைத்துக் கசக்கும்போது ரோமமும் அப்படித்தான் வேர்ப்பக்கமாக மட்டும் நகரும். ஆயிரக்கணக்கான இழைகள் இப்படி நகர்ந்து சிக்கிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. வாஷிங் மெஷினில் வெந்நீர் விட்டுத் துவைத்த ஸ்வெட்டர் குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்குவதும் இதனால்தான்.

இதற்கு உச்சமான ரோமம் பீவர் என்ற நீர்வாழ் விலங்கினுடையது. ஐரோப்பியத் தலைகளுக்காகவே அந்த விலங்கைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டு, வட அமெரிக்கா வரைக்கும் வேட்டைக்குப் போனார்கள். மலிவான முயல் ரோமம் அவ்வளவு சுலபமாகச் சிக்காது. அதனால் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவினார்கள். அது செதில்களையும் கந்தகத் தையலையும் கொஞ்சம் குலைத்து ரோமத்தைச் சிக்க வைத்தது. கூடவே, நீராவி நிரம்பிய பட்டறையில் பாதரச ஆவி தொழிலாளிகளின் நுரையீரலுக்குள் போனது. கை நடுங்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபமும் கூச்சமும் வரும். தொப்பி நகரம் என்று பேர் வாங்கிய அமெரிக்காவின் டேன்பரியில் அந்த நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள். அங்கே ஃபெல்ட் தொழிலில் பாதரசத்துக்குத் தடை வந்தது 1941 டிசம்பரில். தொப்பிக்காரனைப் பைத்தியம் என்று சொல்கிற ஆங்கில வழக்கு எங்கிருந்து வந்திருந்தால் என்ன, அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சரி, அச்சுக்கு வருவோம். கூம்பாக வரும் ஃபெல்ட்டை நீராவியில் காட்டினால் பிரஸ் பட்டன்கள் கழன்று, துணி குழைந்துவிடும். அதைச் சூட்டோடு மர அச்சின் மேல் இழுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, அப்படியே காயவிடுவார்கள். வேகமாகக் கை ஓட வேண்டும். ஆறிவிட்டால் மறுபடி ஆவி. நல்ல சூட்டில் நேரம் கொடுத்தால் தையல்களிலும் சில அவிழ்ந்து இடம் மாறிப் பிணைந்துகொள்ளும். அந்த வடிவம் சடையின் நெளிவு போல லேசில் போகாது.

விறைப்புக்கு அரக்கு. ஆமாம், பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகையின் அதே அரக்கு, நம் நாட்டுப் பூச்சி கொடுப்பது. சாராயத்தில் கரைத்துப் பூசினால், சாராயம் ஆவியாகி அரக்கு மட்டும் இழைகளுக்கு நடுவே தங்கும். 1849-ல் எட்வர்டு கோக் என்பவர், தன் வேட்டைக்காட்டுக் காவலர்களின் தலையைத் தாழ்ந்த கிளைகளிலிருந்து காப்பாற்ற ஒரு தொப்பி கேட்டார். 1676-லிருந்து இயங்கும் லண்டன் லாக் தொப்பிக்கடை செய்வித்துக் கொடுத்த, பவுலர் என்ற அந்த உருண்டைத் தொப்பியைத் தரையில் போட்டு மிதித்துப் பார்த்த பிறகுதான் அவர் காசு கொடுத்தாராம். அது நசுங்காததற்குக் காரணம் அரக்கு.

இன்றைய கோடைத் தொப்பிகளில் அதிகம் பார்ப்பது சினமே. பிலிப்பைன்ஸில் விளையும் அபாக்கா நாரில் நெய்தது. அபாக்கா வாழைக்குப் பங்காளி முறை, ஆகவே இதை வாழைநார்த் துணி என்றே சொல்லலாம். இங்கே கெரட்டின் இல்லை, செல்லுலோஸ். ஆனால் ஈரத்தில் கழன்று, காயும்போது மாட்டிக்கொள்ளும் ஹைட்ரஜன் பட்டன்கள் இதிலும் உண்டு. கஞ்சி போட்ட வேட்டி இஸ்திரிக்குப் பிறகு விறைத்து நிற்கிறதே, அந்தக் கணக்குதான். சினமேவிலும் ஒரு விறைப்புப் பசை பூசுகிறார்கள்.

டிரேசி விரும்பிக் கையாளும் இறகுக்கும் ஆவிதான். மயிர்களை உரித்தெடுத்த இறகுத் தண்டை நீராவியில் காட்டி வளைத்தால், கம்பி வைத்தது போல காற்றில் சுருண்டு நிற்கும், எடையோ ஒன்றுமே இல்லை. அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கை வளைப்பதற்குத் தண்ணீர் தேவையில்லை. நூறு டிகிரியைத் தாண்டி நன்றாகச் சூடாக்கினால் போதும், ஆறியதும் வளைந்தபடியே நிற்கும்.

மழையில் மாட்டிக்கொண்டால் ஃபெல்ட் தொப்பியின் விளிம்பு தொங்கிப்போகும். பழைய அச்சு இன்னும் பட்டறை அலமாரியில் இருந்தால் கவலையில்லை: மறுபடி அதில் மாட்டி, ஆவி காட்டி, கயிறு கட்டி, காயவைத்துவிடுவார்கள்.