பழைய பாஸ்வேர்டையே அனுப்பிவைக்கும் தளத்தை நம்பலாமா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஒரு கடையின் இணையதளத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினேன். என் பழைய பாஸ்வேர்டையே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். இது சரிதானா?"

சரியே இல்லை. உங்கள் பாஸ்வேர்டை மீட்டெடுக்கும் வழி அவர்கள் கையிலேயே இருக்கிறது. டேட்டாபேஸோ பேக்கப்போ ஒருமுறை கசிந்தால் போதும், வங்கிக்கும் அதே பாஸ்வேர்டை வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார்.

ஒழுங்கான தளம் பாஸ்வேர்டைச் சேமிப்பதே இல்லை. ஹாஷ் என்னும் ஒருவழிக் கணக்கில் போட்டு விடையை மட்டும் வைத்துக்கொள்ளும். நீங்கள் மறுபடி தட்டுவதையும் அதே கணக்கில் போட்டு ஒப்பிடும்.

வெறும் ஹாஷும் போதாது. ஷா-256 என்னும் பரவலான ஹாஷ் முறை வேகத்துக்காகச் செய்யப்பட்டது. ஒரே கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல நூறு கோடி ஊகங்களைச் சோதித்துவிடும். இரண்டு பேர் 'நாகர்கோவில்' என்று வைத்திருந்தால் இரண்டு ஹாஷும் ஒன்றே. 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்த சுமார் 65 லட்சம் ஹாஷ்களும் ஷா-1 என்னும் இதே போன்ற வேகமான முறையில் போட்டவைதான்.

பாஸ்வேர்டுக்கென்றே செய்யப்பட்டு 1999இல் வந்த பிகிரிப்ட் என்னும் ஹாஷ் முறை இந்த இரண்டு குறைகளையும் சரிசெய்கிறது. சால்ட் எனப்படும் குத்துமதிப்பான 16 பைட் தரவை ஆளுக்கொன்றாகச் சேர்ப்பதால் ஒரே பாஸ்வேர்டுக்கும் வெவ்வேறு ஹாஷ் வரும். சால்ட் ரகசியமல்ல, ஹாஷின் பக்கத்திலேயே கிடக்கும். கணக்கு எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் காஸ்ட் எண்ணை 12 என்று வைத்தால் உள்சுற்று 4,096 முறை ஓடும். 13 என்றால் இரட்டிப்பு. லாகின் செய்பவருக்குக் கால் நொடி போவதே தெரியாது, கோடிக்கணக்கில் ஊகிப்பவனுக்கோ வேலை இழுத்துக்கொண்டே போகும். கணினிகள் வேகமானால் ஓர் எண்ணை ஏற்றினால் போதும். எத்தனை அழகான ஏற்பாடு!

தமிழில் பாஸ்வேர்டு வைக்க விடும் தளங்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 24 குறியீட்டோடு நின்றுவிடும். 'நாகர்கோவில்' மட்டுமே 33 பைட். அதிலுள்ள 'கோ'வின் ஓகாரக் குறியைச் சில கருவிகள் ஒரே குறியீடாகவும், சில ஏகாரக் குறி, துணைக்கால் என இரண்டாகவும் பதியும். திரையில் வித்தியாசமே தெரியாது, ஹாஷ் மட்டும் மாறி "தவறான பாஸ்வேர்டு" என்று வரும். ஹாஷுக்கு முன், இப்படிப் பிரிந்தவற்றை ஒன்றாக்கும் என்எஃப்சி என்னும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுவதே வழி.

பாதுகாப்பில் கோட்டைவிடும் நிறுவனத்துக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. ஆனால் முதல் பொறுப்பு தளத்துக்கு நிரல் எழுதுபவருடையது. "கஸ்டமருக்குப் பாஸ்வேர்டையே அனுப்புங்க" என்று கடைக்காரர் கேட்டால், முடியாது என்று சொல்லி, அரை மணி நேரத்தில் காலாவதியாகும் ரீசெட் இணைப்பைச் செய்துகொடுக்க வேண்டும். சின்னக் கடையை யார் ஹேக் செய்யப்போகிறார்கள் என்பது மூடநம்பிக்கை. தானியங்கி நிரல்கள் கடையின் அளவைப் பார்த்து வருவதில்லை.

தக்கலை வாசகர் இன்றே செய்ய வேண்டியது: அந்தப் பாஸ்வேர்டு வேறெங்கெல்லாம் இருக்கிறதோ, மின்னஞ்சலில் தொடங்கி எல்லா இடத்திலும் மாற்றிவிடுங்கள்.