ஸ்டால்: நின்றது என்ஜினா, இறக்கையா?

டீ ஸ்டால், புத்தக ஸ்டால் என்று தமிழில் ஊறிவிட்ட சொல். பழைய ஆங்கிலத்தில் நிற்கும் இடம், தொழுவம் என்று பொருள். நகராமல் நின்றுபோவது என்ற பொருள் பின்னர் கிளைத்தது. மோட்டார் வந்தபின் ஓடும் என்ஜின் நின்றாலும் ஸ்டால்தான். நம் ஓட்டுநர்கள் அதை ‘வண்டி ஆஃப் ஆயிடுச்சு’ என்பார்கள்.

விமானத்தில் பொருள் வேறு. என்ஜின் முழுச் சக்தியில் உறுமும்போதும் விமானம் ஸ்டால் ஆகும். உயிர்ச்சேத விபத்துச் செய்தியில் அதை ‘என்ஜின் செயலிழந்தது’ என்று எழுதினால் விபத்தின் காரணமே மாறிப்போகிறது.

பாம்பனில் படகுக் கம்பத்தில் செம்பருந்து வந்து அமர்வதைப் பாருங்கள். கடைசி நொடியில் நெஞ்சை நிமிர்த்தி, இறக்கையைக் காற்றுக்குக் குறுக்கே தூக்கும். மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து சுழலும். இறக்கை மேல் சிற்றிறகுகள் சிலிர்த்தெழுவது அதனால்தான். தூக்குவிசை சரிய, பறவை கம்பத்தில் இறங்கிவிடும். அதுதான் ஸ்டால். பருந்து வேண்டிச் செய்வது, தாழப் பறக்கும் விமானிக்கு வேண்டாமல் நேர்கிறது.

சிறு விமான இறக்கை எதிர்வரும் காற்றோடு அமைக்கும் கோணத்துக்குச் சுமார் 15 முதல் 18 பாகைதான் எல்லை. அதைத் தாண்டினால் எந்த வேகத்திலும் ஸ்டால். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது இறக்கை இரு மடங்கு பாரம் சுமக்கிறது. நேர்ப்பறப்பில் 50 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆவது அப்போது 70 நாட் வேகத்திலேயே ஆகிவிடும். தரையிறங்கத் திரும்பும்போது கச்சான் காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடுவோம் என்று விமானி திருப்பத்தை இறுக்குவார். ஓர் இறக்கை முந்திச் சரிந்தால் விமானம் சுழன்று விழும். மீள உயரம் இருக்காது.

விழுந்த இடத்தில் இதற்கான தடயம் கிடைக்கும். உச்சி முறிந்த இரண்டு பனைகளை அளப்பார்கள்: 30 மீட்டர் இடைவெளியில் வெட்டின் உயரம் 3 மீட்டர் குறைந்திருந்தால் இறங்குகோணம் சுமார் 6 பாகை, விமானம் சறுக்கி வந்திருக்கிறது. 3 மீட்டர் இடைவெளியிலேயே 3 மீட்டர் குறைந்தால் 45 பாகை. அதோடு சிதறல் சிறு வட்டத்துக்குள் அடங்கியிருந்தால் ஸ்டால் என்ற ஐயம் வலுக்கும். ப்ரொப்பெல்லர் பிளேடுகள் எல்லாம் முறுக்கி நெளிந்து, குறுக்கே கீறியிருந்தால் என்ஜின் ஓடியிருக்கிறது. ஒன்று பின்னால் மடங்கி மற்றது நேராக இருந்தால் பெரும்பாலும் நின்றிருக்கிறது. கடலில் எடுத்த பாகங்களை உடனே நன்னீரில் கழுவாவிட்டால் உப்பு இந்தத் தடயங்களை அரித்துவிடும்.

தமிழில் என்ன சொல்வது? ‘விசையிழப்பு’ மறுபடி என்ஜினையே நினைவூட்டும். ‘தூக்குவிசை இழப்பு’ பரவாயில்லை. ஆனால் ஸ்டாலில் தூக்குவிசை முழுதும் போவதில்லை, சட்டெனக் குறைகிறது. ஆகவே ‘தூக்குச்சரிவு’ என்பதே எங்கள் தேர்வு. ‘இறக்கை தூக்குச்சரிவுற்றது’ என்று இறக்கையை எழுவாயாக்குங்கள். என்ஜின் நின்றிருந்தால் ‘என்ஜின் நின்றது’ போதும்.