கியர்பாக்ஸ் வாங்குமுன் கிரவுன் பினியனைப் பாருங்கள்

மிச்சிகனில், பெரிய எஞ்சின் போட்ட பழைய அமெரிக்க மசில் கார்களுக்குக் கியர்பாக்ஸ் மாற்றித் தரும் பட்டறையில் வேலை செய்கிறேன். வண்டியோடு வருகிறவர்களின் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "இந்த பாக்ஸ் எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) தாங்கும்?" பதிலுக்கு நான் கேட்பது: "பின்னால் கிரவுன் பினியன் என்ன விகிதம்?" பின் ஆக்சிலில் சக்கரங்களைச் சுழற்றும் கடைசிப் பல்சக்கர ஜோடி அது. அதன் விகிதம் பலருக்குத் தெரிவதில்லை.

தாங்குமா என்ற கவலை தெருவில் ஓடும் வண்டிக்குப் பெரிதாகத் தேவையில்லை. 1969 செவ்ரோலே செவல் SS396 காரின் அடிப்படை எஞ்சினுக்கு நிறுவனம் சொன்ன டார்க் 410 பவுண்டு-அடி. இன்று கிடைக்கும் ட்ரெமெக் TKX ஐந்து கியர் பாக்ஸ் 600 வரையும், ஆறு கியர் T56 மேக்னம் 700 வரையும் தாங்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சாதாரண டயர் போட்ட வண்டியில் அந்த அளவு வருவதற்கு முன்னால் டயர்தான் வழுக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். முதல் கியர் விகிதத்தைக் கிரவுன் பினியன் விகிதத்தால் பெருக்குங்கள். 10-ஐ ஒட்டி வந்தால் தெருவுக்கு நல்லது. 8-க்குக் கீழே போனால் மேட்டில் நின்று கிளம்பும்போதெல்லாம் கிளட்ச் தேயும். 12-க்கு மேல் போனால் முதல் கியர் இருந்தும் பயனில்லை. அந்தக் காலத்து மன்சி M21 நான்கு கியர் பாக்ஸில் முதல் கியர் 2.20. அதோடு 4.10 பினியன் சேர்ந்தால் 9. அந்த ஜோடி கிளம்புவதற்கு நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் நெடுஞ்சாலையில். 26 அங்குல டயரில் மணிக்கு 70 மைல் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு 3,700 சுற்றில் கத்தும். ஓவர்டிரைவ் (விகிதம் 1-க்குக் கீழே உள்ள மேல் கியர்) தேடி எங்களிடம் வருவதே அந்தச் சத்தம் தாங்காமல்தான்.

போன வருடம் ஒருவர் 1969 செவல் கொண்டுவந்தார். இன்னொரு இடத்தில் TKX வாங்கிப் போட்டிருந்தார். முதல் கியர் 3.27, ஐந்தாவது 0.72. "அதிகம் இருந்தால் இழுவை அதிகம்" என்று விற்றவர் சொன்னாராம். பின்னால் 4.10 அப்படியே இருந்தது. பெருக்கினால் 13.4. சிக்னலைத் தாண்டுமுன் இரண்டாவது கியர் போட வேண்டியிருந்தது. லாரி ஓட்டுவது போலிருக்கிறது என்று நொந்துகொண்டார். பினியனை 3.31 ஆக்கினோம். இப்போது 10.8, 70 மைலில் ஏறக்குறைய 2,150 சுற்று. ஆனால் செவ்ரோலேயின் 12 போல்ட் ஆக்சிலில் 3.08 முதல் 3.73 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுன் சக்கரத்தைத் தாங்கும் பாகம்), 4.10-இலிருந்து வேறு கேரியர். அதனால் கேரியரையும் மாற்ற வேண்டியதாயிற்று. முதலிலேயே 2.87 முதல் கியர் உள்ள TKX வாங்கியிருந்தால் 4.10-ஓடு 11.8 வந்திருக்கும். கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் ஓட்டியிருக்கலாம்.

ஓவர்டிரைவிலும் பேராசை வேண்டாம். 3.08 பினியனோடு 0.68 ஐந்தாவது கியர் சேர்ந்தால் அதே 70 மைலில் 1,900 சுற்றுதான். பெரிய கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சின் அங்கே திணறும், நான்காவதிலேயே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் ஐந்தாவது எதற்கு? ஆறு கியர் மேக்னம் ஆசை இருந்தால், பல பழைய கார்களில் அது உட்கார டனலை (தரை நடுவே கியர்பாக்ஸுக்கு மேலே உள்ள மேடு) வெட்ட வேண்டும் என்பதையும் யோசியுங்கள். வெட்டாத தரை உள்ள வண்டியை வெட்ட எனக்குக் கை வராது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் விஷயத்தை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. எஞ்சினின் மையமும் பெல் ஹவுசிங் துளையின் மையமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். காந்த அடி வைத்த டயல் கேஜை ஃப்ளைவீலில் நிறுத்தி, முனை துளையின் உள்விளிம்பைத் தொடும்படி வைத்து, கிராங்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினால் முள் காட்டிவிடும். மொத்த ஆட்டம் 5 தவ்வுக்குள் இருக்க வேண்டும். அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. நம் ஊர் லேத் பட்டறைக் கணக்கேதான்.

ஒரு கமாரோவில் இரண்டாவது கியர் கரகரக்கிறது, பாக்ஸே மட்டம் என்று திட்டிக்கொண்டு வந்தார் ஒருவர். இறக்கி அளந்தால் 18 தவ். முள் போய் வருவதை அவரையே பார்க்கச் சொன்னேன். மைய விலகல் அதில் பாதி, 9 தவ். பெல் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும், மையம் 7 தவ் விலகிய ஆஃப்செட் டவல் பின் இரண்டை எஞ்சின் பிளாக்கில் அடித்து, சரியான திசைக்குத் திருப்பி மறுபடி அளந்தோம். 4 தவ் காட்டியது. பாக்ஸில், கியர் கரகரக்காமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருந்தது, அதை மட்டும் மாற்றினோம். வேறு எதற்கும் கை வைக்கவில்லை. அந்தக் காசை அவர் தன் பையிலிருந்துதான் கொடுத்தார். பெல் ஹவுசிங் அளந்த குறிப்பு இல்லாததால் வாரண்டி கிடைக்கவில்லை.