ஸ்பீட் டெஸ்ட் நன்றாக இருக்கிறது, குரல் மட்டும் ஏன் உடைகிறது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு மேஜைக்கும் 1 ஜிகாபிட் கனெக்‌ஷன், வெளியே போற லைன் 100 மெகாபிட். ஸ்பீட் டெஸ்ட் போட்டா நல்லாத்தான் காட்டுது. ஆனா சென்னை பிராஞ்சோட மீட்டிங்ல உட்கார்ந்தா பாதி நேரம் ரோபோ குரல்தான் கேக்குது. லைனைப் பெருசாக்கச் சொல்லி மேனேஜர்கிட்ட கேக்கலாமா?"

கேட்கலாம். ஆனால் காசு செலவழிந்த பிறகும் ரோபோ போகாமல் இருக்க வாய்ப்பு உண்டு.

முதலில் கணக்கு. ஜி.711 என்ற பழைய முறையில் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுவார்கள், விநாடிக்கு 64 கிலோபிட். 20 மில்லி விநாடிப் பேச்சை ஒரு பாக்கெட்டாகக் கட்டினால் 160 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்), அதன் மேல் முகவரி விவரங்களுக்கு 40 பைட். விநாடிக்கு 50 பாக்கெட், ஆக 80 கிலோபிட். 100 மெகாபிட் லைனில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. குரலுக்கு இடம் பற்றாமல் போவதில்லை.

நேரம்தான் பற்றாமல் போகிறது. ஒரு கோப்பை யாரோ அப்லோடு செய்கிறார். அதைச் சுமக்கும் டிசிபி என்ற இணைய விதிமுறை, பாக்கெட் தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் சுபாவம் உள்ளது. ஜிகாபிட்டில் வந்து குவிவது 100 மெகாபிட்டில் வெளியேற வேண்டும். ரவுட்டரில் வரிசை உருவாகிறது. 1,500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற 0.12 மில்லி விநாடி. முன்னால் ஆயிரம் பாக்கெட் நின்றால் 120 மில்லி விநாடி. நம் குட்டிக் குரல் பாக்கெட் அத்தனைக்கும் பின்னால் நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல் பாக்கெட் வரும்போது வரிசை காலி, அது உடனே போய்விடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் ஜிட்டர். ஸ்பீட் டெஸ்ட்டில் சில விநாடிகளின் சராசரி வேகத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஆயுத பூஜைக்கு ரவுட்டருக்குக் குங்குமம் வைப்பதைச் சிலர் கிண்டல் செய்கிறார்கள். காற்றுத் துவாரத்தில் பொடி விழாதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்பீட் டெஸ்ட் எண்ணைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதுதான் பெரிய மூடநம்பிக்கை என்பேன்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. பாக்கெட்டுகள் தாறுமாறாக வந்து சேர்ந்தாலும் நமக்குப் பேச்சு சீராகக் கேட்கிறதே, எப்படி? பெங்களூரு வீடுகளில் காவேரித் தண்ணீர் வாரத்தில் சில நாள், சில மணி நேரம்தான் வரும். சம்ப்பில் பிடித்து மேல்தொட்டிக்கு ஏற்றிவிட்டால் குழாயில் எப்போதும் ஒரே சீராக வரும். கேட்பவரின் கணினியிலும் அப்படி ஒரு தொட்டி உண்டு: ஜிட்டர் பஃபர். வந்த பாக்கெட்டை உடனே ஒலிக்காமல், 60 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம், வேண்டுமென்றே தாமதித்து, வரிசை எண் பார்த்து அடுக்கி, 20 மில்லி விநாடிக்கு ஒன்றாக வெளியே விடும். ஆனால் தண்ணீர் இரண்டு நாள் தேங்கினாலும் பரவாயில்லை. பேச்சு கால் விநாடி தேங்கினாலே "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" ஆரம்பமாகிவிடும். வாயிலிருந்து காதுவரை 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. பெங்களூரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வான்வழியே சுமார் 14,000 கிலோமீட்டர்; கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். பயணத்துக்கே குறைந்தது 70 மில்லி விநாடி போய்விட்டது. மிச்சத்தில்தான் தொட்டி கட்ட வேண்டும்.

அதனால் தொட்டி நிலைமைக்கேற்பத் தன் அளவை மாற்றிக்கொள்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே எப்படி மாற்றுவது? உயிரெழுத்துகளை உச்சரிக்கும்போது குரல்நாண் ஒரே வடிவ அலையைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறது. விநாடிக்கு 100 முறை அதிரும் குரலில் ஓர் அலையின் நீளம் 10 மில்லி விநாடி. 200 முறை என்றால் 5. தொட்டி நிரம்பி வழிந்தால் நிரல் அந்த அலைகளில் ஒன்றை நறுக்கிவிட்டு, இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டிவிடும். வற்றினால் ஒன்றைக் கூடுதலாகச் செருகும். சுருதி மாறாது, பேச்சு மட்டும் கொஞ்சம் விரையும், கொஞ்சம் இழுபடும். பிரவுசர் வழி மீட்டிங்குகளுக்கு அடிப்படையான வெப்ஆர்டிசி இதைத்தான் செய்கிறது. நெடில் குறிலாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், ஒரு தடவை வெட்டுவது சில மில்லி விநாடியே.

பாக்கெட் வரவே இல்லையென்றால்? திரும்ப அனுப்பச் சொல்ல நேரமில்லை. தாமதமாக வந்தாலும் அது தொலைந்த கணக்குதான். அப்போது நிரல் கடைசி அலையைத் திரும்பத் திரும்ப ஒலித்து, படிப்படியாகத் தணிக்கும். ஜி.711க்கான முறையில் 60 மில்லி விநாடிக்குள் அது முழு மௌனமாகிவிடும். உங்களுக்குக் கேட்கும் ரோபோ இந்த ஊகம்தான். 'ஆ' நடுவில் ஒரு துண்டு போனால் ஊகம் பலிக்கும். 'ட்' இருந்த துண்டு போனால் இந்த முறையால் அதை உண்டாக்க முடியாது.

தொலைபேசி வரிசைகளுக்குக் கணிதம் எழுதியவர் ஏ. கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் ஊழியர், முதல் கட்டுரை 1909இல். 1948இல் ஐடிஐ என்ற தொலைபேசித் தொழிற்சாலை தொடங்கிய ஊர் பெங்களூரு. இங்கே நெட்வொர்க் பெட்டிகள் வாங்கக் கிடைக்கும் பணத்தில் சிறு பங்காவது இப்படிப்பட்ட 'சும்மா' கணிதத்துக்குப் போகலாமே என்பது என் ஆசை.

சரி, வடிவமைப்பாளர் என்ன செய்ய வேண்டும்? குரல் பாக்கெட்டின் தலையில் 'இது அவசரம்' என்று பொருள்படும் 46 என்ற முத்திரை குத்தி, ரவுட்டரில் அதற்குத் தனி வரிசை கொடுத்து, எப்போதும் அதையே முதலில் அனுப்ப வேண்டும். அந்த வரிசை லைனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை விதி. எல்லாமே முதல் மரியாதை என்றால் யாருக்கும் மரியாதை இல்லை. வீடியோவைக் குரலோடு சேர்க்கக் கூடாது. முழுப் படமாக வரும் ஃபிரேம் ஒன்று ஒரே நேரத்தில் பல பெரிய பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொட்டிவிடும். அதற்கு 34 என்ற வேறு முத்திரை. பத்து பேச்சுக்கு இடம் என்றால் பதினோராவதை மறுத்துவிட வேண்டும். விட்டால் அது மட்டுமல்ல, பதினொன்றுமே உடையும். இந்த முத்திரையைச் சாதாரண இன்டர்நெட்டில் பெரும்பாலும் யாரும் மதிப்பதில்லை. இரு கிளைகளுக்கும் நடுவே எம்பிஎல்எஸ் போன்ற ஒப்பந்த லைன், அதாவது தொலைத்தொடர்பு நிறுவனம் தனியே தரும் லைன், இருந்தால்தான் உங்கள் ரவுட்டரைத் தாண்டிய பிறகும் அதற்கு மதிப்பு.

மேஜையில் வயர் இருந்தும் லேப்டாப்பில் வைஃபையில் பேசுபவரானால் இதையும் பார்க்கச் சொல்லுங்கள். 46ஐ இரும எண்ணில் எழுதினால் 101110. பல வைஃபை கருவிகள் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும்: 101, அதாவது 5. வைஃபை கணக்கில் 5 என்பது வீடியோ வரிசை; குரலுக்கு 6 வேண்டும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இதைத் திருத்தச் சொல்கிறது. மேனேஜரைப் பார்ப்பதற்கு முன், உங்கள் ஆக்சஸ் பாயின்ட்டில், அதாவது வைஃபை தரும் பெட்டியில், 46 எந்த எண்ணாக மாறுகிறது என்று நெட்வொர்க் டீமிடம் கேளுங்கள். செட்டிங்கை மாற்றக் காசு எதுவும் ஆகாது.